தூளுக்குத்தான் கிரேட், ஆளுக்கு இல்லை

(தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவிகளுக்கான சங்கக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரை)



இன்று ஞாயிற்றுக்கிழமை. உடுப்பு கழுவ வேண்டும், விறகு பார்க்க வேண்டும், பிள்ளைகளைக் கவனிக்க வேண்டும். அவ்வளவு வேலையையும் போட்டுவிட்டு இந்த மழையில் வந்திருக்கிறீர்கள். சம்பளம், வீடு, காணி பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றைப் பிற்பகல் பேசுவோம். காலையில் எனக்கு ஒதுக்கிய நேரத்தில் ஓர் இங்கிலீஷ் சொல்லைப் பற்றியும், அதன் அண்ணன் தம்பிகளைப் பற்றியும் பேசப் போகிறேன். சொல்லைப் பற்றிப் பேசி என்ன ஆகப் போகிறது என்று நினைக்க வேண்டாம். அந்தச் சொல்லால் ஒருவருடைய வேலையே போகப் பார்த்தது.

எந்தத் தோட்டம், யார் என்று சொல்ல மாட்டேன். இருபத்திரண்டு வருஷம் கொழுந்து எடுக்கும் ஓர் அக்கா. ஒருநாள் அந்தி நிறுவையில் தராசு இருபது கிலோ காட்டியது. புத்தகத்தில் பதினேழு எழுதினார்கள். ஈரக் கழிவு, சாக்குக் கழிவு என்றார்கள். அந்த மூன்று கிலோ போனால் அன்று அவருக்கு அரைப் பேர்தான். அக்கா கேட்டிருக்கிறார், "தராசுல இருவது காட்டுச்சு, புத்தகத்துல பதினேழு எழுதுறீங்களே ஐயா?" பதில் வந்தது, "எனக்குக் கணக்கு சொல்லிக் குடுக்கிறியா? ஒன் வேலையப் பாத்துக்கிட்டுப் போ." அக்கா நகரவில்லை. "இதுவும் என் வேலதாங்க ஐயா. சரியா எழுதிட்டுச் சொல்லுங்க, போறேன்" என்று தராசுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றார். ஐந்து நிமிஷம் நின்றிருப்பார். பின்னால் இருந்தவர்களின் நிறுவை நடந்துகொண்டுதான் இருந்தது.

மூன்றாம் நாள் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. முழுவதும் இங்கிலீஷ். பெரட்டுக்களத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். வீட்டில் சாதாரண தரம் படித்த மகன் இருக்கிறான். அவன் எழுத்துக் கூட்டிப் படித்தான். நடுவில் ஒரு நீளமான சொல். இன்சபோர்டினேஷன். போனில் தேடிப் பார்த்து, "கீழ்ப்படியாமைன்னு போட்டிருக்கும்மா" என்றான். அதற்குள் இருக்கும் சபோர்டினேட் என்ற சொல்லையும் தேடினான். "கீழானவர்" என்று வந்தது.

அடுத்த நாள் அந்தக் கடிதத்தைச் சிலிசிலிப் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு அக்கா நம்முடைய காரியாலயத்துக்கு வந்தார். வேலை போய்விடுமா என்று அவர் முதலில் கேட்கவில்லை. "தம்பி, நான் கீழானவளா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அன்று நான் சொன்ன பதிலைத்தான் இன்று உங்களுக்கும் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் அந்தச் சொல். சபோர்டினேட் என்பது இலத்தீன் மொழியிலிருந்து வந்தது. சப் என்றால் கீழே. மற்றப் பாதி ஆர்டர் என்ற சொல்லோடு உறவுள்ளது, வரிசை, ஒழுங்கு என்று பொருள். ஆக, வரிசையில் அடுத்த படியில் இருப்பவர் என்பதே அதன் நேர்ப்பொருள். ஒரு வேலை நடக்க வேண்டுமானால் ஒருவர் சொல்ல வேண்டும், மற்றவர் செய்ய வேண்டும். அந்த ஒழுங்கில் யாருக்கு அடுத்து யார் என்று காட்டும் சொல் அது. அந்த ஆள் நல்லவரா கெட்டவரா, உயர்ந்தவரா தாழ்ந்தவரா என்பது பற்றி அந்தச் சொல்லுக்குள் ஒன்றுமே இல்லை.

நமது தோட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கொழுந்து எடுப்பவர் கங்காணிக்கு சபோர்டினேட். கங்காணி வெளிக்கள உத்தியோகத்தருக்கு சபோர்டினேட். அவர் சின்னத் துரைக்கு, சின்னத் துரை பெரிய துரைக்கு. பெரிய துரை? அவரும் கொழும்பிலிருக்கும் கம்பனித் தலைமையகத்துக்கு சபோர்டினேட்தான். ஒரு தொலைபேசி அழைப்பு வந்தால் எழுந்து நின்று பேசுகிற துரைமாரை நான் பார்த்திருக்கிறேன். அப்படியானால் துரை கீழானவரா? யாராவது அப்படிச் சொல்வோமா? அவருக்கு அந்தச் சொல் பதவியின் பெயராக இருக்கும்போது, நமக்கு மட்டும் அது ஏன் பிறவியின் பெயராக வேண்டும்?

ஆகவே அந்தச் சொல்லைத் தமிழில் சொல்லும்போது "கீழானவர்" என்று சொல்லக்கூடாது. "அவருக்குக் கீழ் வேலை செய்பவர்" என்று சொல்ல வேண்டும். வேலை என்ற சொல் நடுவில் இருந்தால் அர்த்தம் சரியாக இருக்கும். அதை எடுத்துவிட்டால் மனிதரே கீழே போய்விடுகிறார். அக்காவுக்கு நான் சொன்ன முதல் பதில் இதுதான்: "அக்கா, நீங்க கங்காணிக்குக் கீழ வேல செய்றீங்க. கீழான ஆள் இல்ல."

இனி இதன் அண்ணன் தம்பிகள். நமது பிள்ளைகள் இன்று கொழும்பிலும் கண்டியிலும் கடைகளில், ஹோட்டல்களில், காரியாலயங்களில் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கும் இவை தெரிந்திருக்க வேண்டும். எல்லாம் ஒரே அர்த்தம் போலத் தோன்றும். ஆனால் ஒன்று குத்தும், மற்றது குத்தாது.

ஜூனியர். இளையவர், புதியவர் என்று பொருள். இதில் குற்றமில்லை. இன்று ஜூனியர், பத்து வருஷத்தில் சீனியர். காலம் போனால் மாறுகிற சொல்.

மைனர். சிறியது என்று பொருள். ஆஸ்பத்திரியிலும் கந்தோரிலும் மைனர் ஸ்டாப் என்பார்கள். தமிழில் சிற்றூழியர் என்று எழுதினார்கள். வார்டைத் துடைக்கிறவர், நோயாளியைத் தள்ளிக்கொண்டு போகிறவர், கோப்பைக் கொண்டுபோய்க் கொடுக்கிறவர் எல்லாம் இதற்குள் வருவார்கள். ஒருநாள் அவர்கள் வராவிட்டால் பெரிய டொக்டரும் சத்திரசிகிச்சை செய்ய முடியாது. அது எப்படிச் சிறிய ஊழியம்? பியோன் என்ற சொல்லையும் பாருங்கள். அது போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது. கால்நடையாகப் போகிறவன், காலாட்படைச் சிப்பாய் என்று அர்த்தம். குதிரை இல்லாதவன் என்பதுதான் அந்தப் பெயரின் கதை. இப்போது காரியாலய உதவியாளர் என்கிறார்கள். வேலையைச் சொல்லும் பெயர். அதுவே நல்ல பெயர்.

இன்ஃபீரியர். இதுதான் கவனமாக இருக்க வேண்டிய சொல். இதுவும் கீழ் என்றுதான் சொல்கிறது. ஆனால் தரத்தில் கீழ் என்கிறது. சபோர்டினேட் வரிசையைச் சொல்கிறது, இன்ஃபீரியர் மதிப்பைச் சொல்கிறது. சிலர் இரண்டும் ஒன்று என்று நினைத்துப் பேசுகிறார்கள். பெக்டரியில் வேலை செய்கிற தோழர்களுக்கு இது நன்றாக விளங்கும். சலித்துப் பிரிக்கும்போது பீஓபி என்று ஒன்று, பீஓபிஎஃப் என்று ஒன்று, டஸ்ட் என்று ஒன்று, கடைசியில் ஓஃப் கிரேட் என்று ஒன்று. தூளுக்கு கிரேட் வைக்கலாம். சந்தையில் அதற்கு விலை வேறு. அந்தத் தூளைச் செய்கிற ஆளுக்கு கிரேட் வைக்க எந்தச் சல்லடையும் இல்லை. தூளுக்குத்தான் கிரேட், ஆளுக்கு இல்லை. இந்த ஒரு வரியை வீட்டுக்குக் கொண்டு போங்கள்.

சர்வன்ட். வேலைக்காரன், ஏவலாள். இதற்கு நம் வரலாற்றில் ஒரு கணக்கு இருக்கிறது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வேலை ஒப்பந்தங்களைப் பற்றியது. அதில் சர்வன்ட் என்ற ஒரே சொல்லுக்குள் வீட்டு வேலைக்காரர், கங்காணிமார், தோட்டத்திலும் ரோட்டிலும் ரயில் பாதையிலும் வேலை செய்த தொழிலாளர் எல்லோரையும் அடக்கினார்கள். தனக்குக் கீழே நூறு பேர் என்று மீசையை முறுக்கிய பெரிய கங்காணியையும் அந்தச் சட்டம் அதே வரிசையில்தான் நிறுத்தியது. சொல்வதைச் செய்ய மறுத்தால், எதிர்த்துப் பேசினால் சிறைக்கு அனுப்ப அந்தச் சட்டத்தில் இடம் இருந்தது. சம்பளம் கேட்டு வாய் திறப்பதே குற்றமாகிவிடக்கூடிய காலம் அது. இன்று அந்த அக்காவின் கடிதத்தில் இருந்த சொல்லுக்கு முப்பாட்டன் யார் என்று இப்போது தெரிகிறதா?

ஆனால் இன்னொரு வேடிக்கையையும் பாருங்கள். பெரிய அரசாங்க உத்தியோகத்தரைப் பப்ளிக் சர்வன்ட் என்கிறார்கள். அங்கே சர்வன்ட் என்பது பெருமை. மக்களுக்கு ஊழியம் செய்கிறவர் என்று அர்த்தம். அதே சொல் மாளிகையில் மாலையாகவும் லயத்தில் விலங்காகவும் இருந்திருக்கிறது.

அடுத்தது கூலி. இது இங்கிலீஷ்காரன் வாயில் புழங்கிய சொல். ஆனால் தமிழில் கூலி என்றால் உழைப்புக்கான ஊதியம். நல்ல சொல். முயற்சிக்குக் கிடைக்கும் பலனைச் சொல்ல வள்ளுவரே இந்தச் சொல்லைக் கையாண்டிருக்கிறார். வெள்ளைக்காரன் ஆட்சியில் அது ஊதியத்தின் பெயராக இல்லாமல் ஆளின் பெயராக ஆகிவிட்டது. 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில், தொழிலாளி யார் என்று விளக்கும் இடத்தில், பொதுவாக இந்தியக் கூலிகள் என்று அறியப்படுவோர் என்று சட்டமே எழுதி வைத்தது. காசைக் குறைத்துக் கொடுத்து, காசின் பெயரை நமக்கு வைத்துவிட்டுப் போனார்கள்.

இன்றும் சில பாடசாலைப் படிவங்களில் தகப்பனின் தொழில் என்ற இடத்தில் நாமே கூலி என்று எழுதுகிறோம். விவாகப் பதிவிலே பாருங்கள், இங்கிலீஷில் ராங்க் ஓர் புரொஃபெஷன் என்று ஒரு கூடு இருக்கிறது. அந்தஸ்து அல்லது தொழில் என்று கேட்கிறார்கள். வெள்ளைக்காரன் விட்டுப்போன கேள்வி. அந்தக் கூட்டில் எதை எழுதுவது என்பது நம் கையில் இருக்கிறது. தேயிலைத் தோட்டத் தொழிலாளி என்று எழுதுங்கள். பதிகிறவர் சுருக்கமாக வேறு ஏதாவது எழுதப் பார்த்தால், நிறுத்தி, நான் சொன்னபடி எழுதுங்கள் என்று சொல்லுங்கள். அந்தத் தாளை உங்கள் பேரப்பிள்ளையும் ஒருநாள் எடுத்துப் பார்க்கும்.

லேபர். உழைப்பு என்று பொருள். இதில் கேவலம் ஒன்றும் இல்லை. உலகத்தில் தொழிலாளர் கட்சிகளே இந்தப் பெயரில் இருக்கின்றன. குறை சொல்லில் இல்லை, சொல்லுகிற முறையில்தான் இருக்கிறது. பெரட்டுக்களத்தில் எப்படிச் சொல்கிறார்கள்? "அம்பது லேபர் வந்திருக்கு. பத்து லேபர் கவ்வாத்துக்குப் போகட்டும்." வந்திருக்கு என்றால் என்ன? மாடு வந்திருக்கு, லொறி வந்திருக்கு, உரமூட்டை வந்திருக்கு. அந்தக் கணக்கில் ஆளையும் சேர்க்கிறார்கள். தமிழில் உயர்திணை, அஃறிணை என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். இங்கிலீஷ் சொல்லின் வால் பிடித்து ஒரு தமிழ் விகுதி நம்மைச் சத்தமில்லாமல் அஃறிணையில் தள்ளிவிடுகிறது. "அம்பது பேர் வந்திருக்காங்க" என்று சொல்ல எத்தனை விநாடி கூடுதலாக வேண்டும்?

கடைசியாக இரண்டு நல்ல சொற்கள். வேர்க்கர், வேர்க்மன். வேலை செய்பவர் என்று மட்டும் சொல்லும் சொற்கள். மேலும் இல்லை, கீழும் இல்லை. 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் வேர்க்கர் என்று எழுதுகிறது. 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம் வேர்க்மன் என்று எழுதுகிறது. 1865இல் சர்வன்ட், 1889இல் கூலி, 1941இல் வேர்க்கர். இந்தச் சொற்கள் தானாக மாறவில்லை. நடுவில் கோ. நடேசய்யரும் மீனாட்சி அம்மையாரும் தோட்டம் தோட்டமாக அலைந்து பேசினார்கள், பத்திரிகை நடத்தினார்கள். 1931இல் அவர் தோட்டத் தொழிலாளருக்கென்று சம்மேளனம் அமைத்தார். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் விழுந்தார். சட்டத்தில் ஒரு சொல் மாறுவதற்குப் பின்னால் இவ்வளவு உழைப்பும் இரத்தமும் இருக்கிறது.

வெள்ளைத் துரைமாருக்குள்ளும் இந்த மேல் கீழ் இருந்தது தெரியுமா? தோட்டத்தில் வேலை பழக வந்த இளம் வெள்ளைக்காரரை கிரீப்பர் என்று கூப்பிட்டார்கள். ஊர்ந்து படரும் கொடி என்று அர்த்தம். அப்படி 1936இல் மடுல்கலைப் பக்கம் வந்தவர்தான் பிரேஸ்கேர்டில் என்ற அவுஸ்திரேலிய இளைஞர். அவர் தொழிலாளர் பக்கம் நின்று மேடையில் பேசினார். 1937இல் தேசாதிபதி அவரை நாடு கடத்த உத்தரவிட்டார். உயர் நீதிமன்றம் அந்த உத்தரவு செல்லாது என்று அவரை விடுவித்தது. தேசாதிபதியின் உத்தரவே சட்டத்துக்கு உட்பட்டதா என்று கேட்க முடியும் என்றால், தராசுக்கு முன்னால் நின்று மூன்று கிலோ எங்கே என்று கேட்க முடியாதா?

இப்போது அந்தக் கடிதத்துக்கு வருவோம். இன்சபோர்டினேஷன் என்றால் என்ன, எது இல்லை என்பதை நீங்கள் தெளிவாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சொல் எல்லாப் பூட்டுக்கும் போடுகிற சாவியாகிவிடும்.

அந்தக் குற்றச்சாட்டு நிற்க வேண்டுமானால் சில விஷயங்கள் இருக்க வேண்டும். ஒரு கட்டளை கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். அதைக் கொடுத்தவருக்கு அதற்கு அதிகாரம் இருக்க வேண்டும். அந்தக் கட்டளை சட்டத்துக்கும் வேலைக்கும் உட்பட்டதாக இருக்க வேண்டும். தொழிலாளிக்கு அது விளங்கியிருக்க வேண்டும். விளங்கியும், தெரிந்தே, வேண்டுமென்றே மறுத்திருக்க வேண்டும். இவை இல்லாமல் அந்தச் சொல்லை மட்டும் எழுதிவிட்டால் குற்றம் ஆகிவிடாது.

தன் கொழுந்தின் நிறையைக் கேட்பது இன்சபோர்டினேஷன் இல்லை. செக்ரோலில் தன் பேர் விழுந்ததா என்று கேட்பது இல்லை. கையுறை, முகமூடி தராமல் மருந்து அடிக்கச் சொன்னால், அவற்றைத் தாருங்கள், அடிக்கிறேன் என்று சொல்வது இல்லை. தலைவரிடம் முறையிடுவதும், சங்கத்தில் சேர்வதும் இல்லை. தொழிற்சங்கம் அமைக்கவும் அதில் சேரவும் உள்ள சுதந்திரம் நமது அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

அதே நேரம் மறுபக்கத்தையும் ஒளிக்காமல் சொல்கிறேன். கெட்ட வார்த்தையில் ஏசினால், கை ஓங்கினால், தராசைத் தட்டிவிட்டால், செய்ய வேண்டிய வேலையைக் காரணமில்லாமல் போட்டுவிட்டுப் போனால், அது வேறு. அப்போது சங்கமும் உங்களைக் காப்பாற்றச் சிரமப்படும். அந்த அக்கா கடைசிவரை "ஐயா" என்றுதான் பேசினார். குரலை உயர்த்தவில்லை. பத்துப் பேர் அதைக் கேட்டார்கள், சாட்சி சொன்னார்கள். அந்த மரியாதைதான் அவருடைய முதல் பாதுகாப்பாக இருந்தது. மரியாதை கொடுப்பதும் பணிந்து போவதும் வேறு வேறு.

தலைவர்களே, தலைவிகளே, இப்படி ஒரு கடிதம் வந்தால் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று. கடிதத்தை வாங்க மறுக்க வேண்டாம். வாங்கியதற்குக் கையெழுத்துக் கேட்டால், "கடிதம் கிடைத்தது. இந்த மொழி எனக்கு விளங்கவில்லை" என்று தமிழில் எழுதி, திகதி போட்டுக் கையெழுத்திடுங்கள். வேறு எந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டாம். முக்கியமாக, "மன்னிப்புக் கடிதம் ஒன்று குடு, முடிஞ்சிரும்" என்று சொன்னால் கொடுக்க வேண்டாம். மன்னிப்புக் கடிதம் என்பது குற்றத்தை ஒப்புக்கொண்ட கடிதம்.

இரண்டு. அன்றைக்கே தலைவரிடம் காட்டுங்கள். கடிதத்தைப் போனில் படம் எடுத்து வையுங்கள். நடந்ததை மறந்து போகும் முன்பே திகதி, நேரம், இடம், யார் யார் நின்றார்கள், என்ன பேசினார்கள் என்று எழுதி வையுங்கள்.

மூன்று. பதில் கொடுக்கத் தரப்பட்ட நாளைத் தவற விட வேண்டாம். நாள் போதாவிட்டால் எழுத்தில் அவகாசம் கேளுங்கள். குற்றச்சாட்டைத் தமிழில் தரும்படியும் எழுத்தில் கேளுங்கள். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி என்று 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் சொல்கிறது. அது அரசாங்கக் கந்தோர்களைத்தானே கட்டுப்படுத்தும், நாங்கள் கம்பனி என்று சொல்லலாம். சொல்லட்டும். விளங்காத மொழியில் குற்றம் சாட்டிவிட்டு, பதில் சொல் என்று கேட்பது நியாயமான விசாரணையா என்று நாம் கேட்போம். அந்தக் கேள்விக்கு எந்த மேசையிலும் பதில் சொல்லியாக வேண்டும்.

நான்கு. உள்ளக விசாரணை வைத்தால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், உதவிக்கு சங்கப் பிரதிநிதியைக் கேளுங்கள். மறுத்தால், மறுத்தார்கள் என்பதையும் எழுத்தில் பதியச் சொல்லுங்கள்.

ஐந்து. வேலையே போய்விட்டால், தொழில் நியாய சபைக்குப் போக ஆறு மாதம்தான் காலம். பேசிக்கொண்டிருக்கிறோம், பார்ப்போம் என்று நாளை ஓட்டிவிட்டு ஏழாம் மாதம் வந்தால் வாசல் மூடியிருக்கும்.

அக்காவின் பதிலை நாங்கள் இப்படித்தான் எழுதினோம். சுருக்கமாகச் சொல்கிறேன். வேலையில் நான் வெளிக்கள உத்தியோகத்தருக்குக் கீழ் இருக்கிறேன். அவருடைய வேலைக் கட்டளைகளை இருபத்திரண்டு வருஷமாகச் செய்து வருகிறேன். நான் எடுத்த கொழுந்தின் நிறை சரியாகப் பதியப்படுகிறதா என்று பார்ப்பதும் என் வேலையின் பகுதி. அன்று எந்த வேலையையும் நான் மறுக்கவில்லை, எவருடைய நிறுவையையும் தடுக்கவில்லை. அவ்வளவுதான். யாரையும் ஏசவில்லை, கெஞ்சவும் இல்லை. முடிவில் "தங்கள் உண்மையுள்ள" என்று போட்டோம். முன்பு மனு எழுதுகிறவர்கள் இங்கிலீஷில் யுவர் ஒபீடியன்ட் சர்வன்ட் என்று முடிப்பார்கள், தமிழில் "தங்கள் கீழ்ப்படிவுள்ள" என்று முடிப்பார்கள். உண்மையுள்ள என்பது போதும். உண்மையாக இருப்பதற்குத்தான் நமக்குச் சம்பளம்.

விசாரணை நடந்தது. பத்துப் பேர் சாட்சி சொன்னார்கள். முடிவில் கையிலே தந்தது என்ன? வேலை நீக்கம் இல்லை, கவனமாக நடந்துகொள்ளும்படி ஒரு எச்சரிக்கை மட்டும் என்றார்கள். வேலை தப்பியது, போதும் என்று எங்களில் சிலரே நினைத்தோம். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "வேல இருக்குதுன்னா சரிதான் தம்பி. ஆனா அந்தச் சொல்லு என் பைல்ல இருக்கக்கூடாது. நான் பென்ஷன் காசு எடுக்கப் போற நாள்ல அதப் பாத்துட்டு ஒருத்தர் என்ன வேற மாதிரிப் பாக்கக்கூடாது" என்றார். மறுபடியும் எழுதினோம், இரண்டு முறை போய்ப் பேசினோம். கடைசியில் அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம் என்று எழுத்தில் தந்தார்கள். இந்த முறை தமிழில் தந்தார்கள். கழிவு பற்றிய பேச்சு இன்னும் முடியவில்லை. அது தொடர்கிறது. ஆனால் அந்தச் சொல் அவருடைய பைலில் இல்லை.

கடைசியாக, கொஞ்சம் கசப்பான ஒன்றையும் சொல்லிவிட்டு முடிக்கிறேன். கீழ் என்ற சொல்லை நம்மீது மற்றவர்கள் மட்டும்தான் போடுகிறார்களா?

பெண்களுக்கும் ஆண்களுக்கும் தோட்டத்தில் சமமான நாட்சம்பளம் எப்போது வந்தது? 1984இல். அதற்கு முன்பு அதே மலையில், அதே மழையில், அதிக நேரம் நின்றவர்களுக்குக் குறைந்த சம்பளம். அப்போது எத்தனை ஆண் தலைவர்கள் அதற்காகக் கோபப்பட்டோம்? இன்றும் கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். கூட்டத்தில் முன் கதிரையில் யார் இருக்கிறோம்? தேநீர் ஊற்றிக் கொடுக்க மட்டும் மாதர் தலைவியைத் தேடுகிறோமா? தோட்டத்தில் வாய்க்காலும் மலசலகூடமும் சுத்தம் செய்கிற தோழரை நாம் பேர் சொல்லிக் கூப்பிடுகிறோமா, வேறு ஏதாவது சொல்லியா? கொந்தராத்துக்கு வருகிற ஆட்களை "அதுங்க" என்கிறோமே, அது என்ன திணை? மேட்டு லயம், பணிய லயம் என்று சொல்லும்போது சிலர் நிலத்தின் உயரத்தை மட்டுமா சொல்கிறார்கள், சாதியையும் சேர்த்துத்தானே சொல்கிறார்கள்? துரை நம்மை இன்ஃபீரியர் என்று நினைப்பதை எதிர்க்கிற நாம், நமக்குக் கீழே ஒருவரைத் தேடி வைத்துக்கொண்டால், அந்தக் கடிதத்தை நாமே எழுதுகிறோம் என்று அர்த்தம்.

ஆகவே இன்றைக்கு மூன்று வேலை தருகிறேன். நாளைக் காலைப் பெரட்டில் ஆட்களை எண்ணும்போது "பேர்" என்று எண்ணச் சொல்லுங்கள், "வந்திருக்காங்க" என்று சொல்லச் சொல்லுங்கள். இந்த மாதச் சந்தாப் புத்தகத்தில் ஒவ்வொருவருடைய முழுப் பெயரையும் எழுதுங்கள், பட்டப்பெயர் வேண்டாம். வீட்டில் இங்கிலீஷ் படிக்கிற பிள்ளை இருந்தால், சபோர்டினேட், இன்ஃபீரியர் என்ற இரண்டு சொல்லுக்கும் என்ன வித்தியாசம் என்று இன்றிரவு கேளுங்கள். தெரியாவிட்டால் நீங்கள் சொல்லிக் கொடுங்கள். இங்கிலீஷ் படிக்காத அம்மா இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தார் என்று அந்தப் பிள்ளை ஆயுசுக்கும் சொல்லும்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். எழுந்து நின்று கேட்கத் தேவையில்லை, உட்கார்ந்துகொண்டே கேட்கலாம்.